வரப்பின் மேல் நின்ற விமானம்

1. நாய் குரைத்த சத்தம்

எஞ்சின் நின்ற விமானம் ஆயிரம் அடிக்குக் கீழே வந்துவிட்டால் தரையில் நாய் குரைப்பது கேட்கும். புதிதாகப் பறக்க வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நல்லேப்பிள்ளி என்ற ஊருக்கு மேலே ஒரு காலையில் எனக்குக் கேட்டது. பக்கத்து சீட்டில் இருந்த ஞானதாசுக்கும் கேட்டது. "சார், நாய் கொலைக்குது சார். ரொம்பக் கீழ வந்துட்டோம்லா" என்றார்.

எழுபதுகளின் நடுவில், மேற்கு மலைக் கணவாய்க்குக் கிழக்கே இருந்த ஒரு ஃபிளையிங் கிளப்பில் நான் இன்ஸ்ட்ரக்டர். எங்கள் விமானம் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் சின்ன வண்டி. இறக்கை தலைக்கு மேலே, துணி போர்த்தியது. இறங்கும்போது வேகத்தையும் உயரத்தையும் குறைக்க உதவும் ஃபிளாப் கிடையாது, ரேடியோ கிடையாது. வால் பக்கம் ஒரு குட்டிச் சக்கரம். கிளப்பில் எல்லோரும் அதை 'வண்டி' என்றுதான் சொல்வோம்.

ஞானதாஸ் போடிமெட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு ஏலக்காய் எஸ்டேட்டில் ஃபீல்டு ஆபீசர். வருடத்து லீவை எல்லாம் சேர்த்து எடுத்துக்கொண்டு மலையிறங்கி வந்து பறக்கக் கற்றுக்கொண்டிருந்தார். கையில் எப்போதும் வேதாகமமும் ஃபிளையிங் மானுவலும் இருக்கும். இரண்டிலும் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் மனப்பாடமாகச் சொல்வார். விமானத்தைத் திருப்பும் ஸ்டிக்கைப் பிடித்தால் மட்டும் வண்டி அவர் பேச்சைக் கேட்காது.

அன்றைக்கு அவருக்கு, ஊர் தாண்டிப் போய்த் திரும்பும் கிராஸ்-கன்ட்ரி பயிற்சி. முதலமடை மாந்தோப்புகள் வரை போய், கணவாய்க்குள் இருக்கும் சித்தூரை இடப்பக்கமாக வைத்து வடக்கே வந்துகொண்டிருந்தோம். இரண்டாயிரத்து ஐந்நூறு அடி. நல்ல வெயில். எஞ்சின் ஒரு தடவை செருமியது. அப்புறம் இன்னொரு தடவை.

"சார், எஞ்சின் என்னமோ சொல்லுது."

"கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

மூன்றாவது செருமலோடு அது பேச்சை நிறுத்திக்கொண்டது. புரொப்பெல்லர் காற்றில் கொஞ்ச நேரம் சோம்பேறித்தனமாகச் சுற்றிவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் குறுக்குக் கட்டைபோல நின்றது. ஸ்டிக்கை நான் வாங்கிக்கொண்டேன். மூக்கைத் தாழ்த்தி ஸ்பீடை அறுபது மைலுக்குக் கொண்டுவந்தேன். எஞ்சின் நின்றால் முதல் வேலை அதுதான். கைக்கு மூக்கைத் தூக்கத்தான் தோன்றும். தூக்கினால் ஸ்பீடு போகும், ஸ்பீடு போனால் வண்டி கல்லாகிவிடும்.

ஞானதாஸ் மானுவலை ஒப்பிக்க ஆரம்பித்தார். "ஸ்பீடு அறுபது. அடுத்தது ஃபீல்டு. அடுத்தது காத்து. அப்புறம் ஃபியூயல் காக், மேக்னெட்டோ, மிக்சர் லீவர். அப்புறம் ரேடியோவில உதவி கேட்டு மேடே மூணு தடவை..."

"ரேடியோ எங்க இருக்கு?"

"இல்லைல்லா சார்."

"அப்ப அதை விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க."

அவர் கை பெட்ரோலைத் திறக்கும் ஃபியூயல் காக்கைத் தடவி, பொறி கொடுக்கும் மேக்னெட்டோ சுவிட்சைத் திருகி, ஸ்டார்ட்டரை இழுத்தது. கட்டை அரைச் சுற்று சுற்றி நின்றது. "சார், ஜெபம் பண்ணட்டுமா, இன்னொரு தடவை ஸ்டார்ட் பண்ணட்டுமா?"

"ரெண்டையும் பண்ணுங்க. கையும் வாயும் வேற வேறதானே."

கீழே பார்த்தேன். தெற்கே மாந்தோப்புகள் பச்சை மெத்தைபோல விரிந்திருந்தன. அந்த மெத்தையில் படுத்தவர்கள் எழுந்ததில்லை. நேர் கீழே தென்னை. முன்னால், முதல் போகம் அறுத்து முடிந்து நெல்தாள் மட்டும் நின்ற வயல்கள் பழுப்பாகத் தெரிந்தன. ஓரங்களில் கரும்பனைகள். ஒரு வீட்டுக்குப் பின்னால் அடுப்புப் புகை கிழக்கே சாய்ந்துகொண்டிருந்தது. ஆக, காற்று மேற்கிலிருந்து. மேற்கே பார்த்து நீளமாகக் கிடந்த ஒரு வயலைத் தேர்ந்தெடுத்தேன். அதற்குப் பிறகு வேறு வயலைப் பார்க்கவே இல்லை. ஐந்நூறு அடியில் மனத்தை மாற்றியவர்கள்தான் பனைமரத்தில் தொங்குவார்கள்.

கிழக்குப் பனைகளைத் தாண்டும்போது உயரம் அதிகமாக இருந்தது. ஃபிளாப் இல்லாத வண்டியில் உயரத்தைக் கரைக்க ஒரே வழி சைடு-ஸ்லிப். ஸ்டிக்கை ஒரு பக்கம், வால் சுக்கானான ரட்டரை எதிர்ப்பக்கம் மிதித்தால் விமானம் நண்டுபோலப் பக்கவாட்டில் சரிந்துகொண்டே இறங்கும். ஞானதாஸ் பக்கத்துக் கதவு வழியாகத் தரை முழுசாகத் தெரிந்தது. இறங்கும்போது சிக்கிக்கொள்ளாமலிருக்க, மானுவல்படி அந்தக் கதவை அவர் ஏற்கெனவே திறந்து வைத்திருந்தார். "ஆண்டவரே, நான் கதவைத் தெறந்திருக்கக் கூடாது" என்றார். இதை மட்டும் மானுவலில் இல்லாத சொந்த வாக்கியமாகச் சொன்னார்.

வண்டியை நேராக்கினேன். சக்கரங்கள் தாளில் உரசின. தடதடவென்று ஓடினோம். நல்ல தரையிறக்கம். வயல் முடியும் இடத்தில் ஒரு சாண் உயர வரப்பு இருந்தது. பிரேக்கைப் பிடித்தும் வண்டி நடை வேகத்தில் அதன்மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, நின்றது. முன் சக்கரங்கள் வரப்புக்கு மேற்கே. வால் சக்கரம் வரப்புக்குக் கிழக்கே.

இரண்டு பேருக்கும் ஒரு கீறல் இல்லை. விமானத்துக்கும் இல்லை. "கடைசி வரி சார்" என்றார் ஞானதாஸ். "விமானத்தை விட்டு வெளியேறவும்." வெளியேறினோம். மானுவலில் அதற்கு மேல் எதுவும் எழுதியிருக்கவில்லை.

2. இரண்டு வீட்டு விருந்தாளி

கிழக்குப் பக்கமிருந்து ஒருவரும் மேற்குப் பக்கமிருந்து ஒருவரும் ஓடி வந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே நெற்றி. மூத்தவர் கந்தசாமிக் கவுண்டர். கிழக்கு வயல் அவருடையது. இளையவர் பழனிசாமிக் கவுண்டர். மேற்கு வயல் அவருடையது. பாகம் பிரித்தபோது இந்த வரப்பை யார் ஒரு சாண் தள்ளிப் போட்டது என்ற வழக்கில் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்தது. இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

"அடி கிடி படலீங்களே?" என்று கேட்டார் மூத்தவர். இல்லை என்றதும் அவர் முகம் மலர்ந்தது. "எங்க வயல்ல எறங்கியிருக்கறீங்க. ஊட்டுக்கு வாங்க, சாப்புட்டுப் போட்டுப் பேசிக்கலாம்."

இளையவர் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஏனுங்க, எறங்குனது எங்கியோ இருக்கட்டுங்க. நின்னது எங்க வயல்லதானுங்க. மூஞ்சி எந்தப் பக்கம் இருக்குதோ அந்த ஊட்டுலதான் விருந்துக்கு வந்த ஒறம்பரை சாப்புடோணும்."

"அவருகிட்டச் சொல்லிப் போடுங்க, வாலு இங்கதான் இருக்குதுன்னு" என்றார் மூத்தவர். தம்பிக்கும் அவருக்கும் நடுவில் ஐந்தடி தூரம்கூட இல்லை.

"வாலப் புடிச்சிட்டு யாருங்க விருந்து வெப்பாங்க? அதையும் அவருகிட்டக் கேட்டுச் சொல்லுங்க."

தூது போகிற வேலையை விட்டுவிட்டு விமானத்துக்குத் திரும்பினேன். சக்கரத்தின் மேல் ஏறி நின்று, இறக்கையில் இருக்கும் பெட்ரோல் டேங்கின் மூடியைத் திருகினேன். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுத்துக்கொண்டு போனது. டேங்கில் பெட்ரோல் பாதிக்கு மேல் இருந்தது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போக ஒரு சின்னக் குழாய் உண்டு. அது எங்கோ அடைத்திருக்கிறது. காற்று போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது. கவிழ்த்த பாட்டிலில் தண்ணீர் தயங்குவதுபோலத்தான். மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணினேன். எஞ்சின் ஒரே இழுப்பில் பாடியது.

கூடியிருந்த ஊர்ச் சனம் பின்வாங்கியது. மூத்தவர் மட்டும் நகராமல் யோசனையாகப் பார்த்தார். "ஓடுதுங்களே! பின்னெ எதுக்குங்க எறங்குனீங்க?"

"பசிச்சிருக்கும்" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

இந்தச் சந்தேகம் அந்த ஊரை விட்டு இன்றுவரை போயிருக்காது என்று நினைக்கிறேன்.

மத்தியானம் மூத்தவர் வீட்டில் இலை போட்டார்கள். அவர் மனைவி பாவாயி அம்மாள் பரிமாறினார். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, பருப்பு, தயிர். எழுந்து கை கழுவியதும், கூட்டிப்போகத் தம்பி வாசலில் நின்றிருந்தார். அவர் வீட்டிலும் இலை. அங்கேயும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. ஒரு வாய் வைத்ததும் ஞானதாஸ் நிமிர்ந்தார். "சார், இது அதே கொழம்புல்லா?"

பரிமாறிக்கொண்டிருந்த தம்பியின் மனைவி கரண்டியை அப்படியே நிறுத்தி, கண்ணால் வேண்டாம் என்றார். அவரும் பாவாயி அம்மாளும் கூடப்பிறந்த அக்கா தங்கை. புருஷன்மார் பேசாத இத்தனை வருடமும் ஒரே சட்டியில்தான் சமையல் நடந்திருக்கிறது. பின்பக்கத்து வேலி வழியாகப் பாதிச் சட்டி போகும், பாதி நிற்கும். இரண்டு கவுண்டர்களும் அடுத்த வீட்டுச் சமையலைக் குறை சொல்லிக்கொண்டே அதைச் சாப்பிட்டு வந்திருக்கிறார்கள்.

ஞானதாஸ் புரிந்துகொண்டார். "கொழம்பு நல்லா இருக்கு. இந்த மாதிரி எங்கயும் சாப்பிட்டதில்ல" என்றார். பொய் சொன்னதற்காகக் கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபமும் செய்துகொண்டார்.

3. தண்ணீர் வருகிறது

ஏட்டு ஒருவர் சைக்கிளில் வந்தார். விமானத்தை மூன்று முறை சுற்றினார். எந்தச் செக்‌ஷனில் சேர்ப்பது என்று அவருக்குப் பிடிபடவில்லை. பெல் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும், ஒரு குற்றமாவது கிடைத்ததென்று கொஞ்சம் நிம்மதியடைந்தவர்போல இருந்தது. சித்தூருக்குப் போய் எங்கள் கிளப்புக்கு டிரங்க் கால் போடுவதாக ஒப்புக்கொண்டார். "என்னன்னு சொல்லட்டும்?" என்று கேட்டார். "ஆளுக்கு ஒண்ணுமில்ல. விமானம் ரெண்டு பேர் வயல்ல கிடக்குதுன்னு சொல்லுங்க" என்றேன்.

சாயங்காலம்தான் உண்மையான சிக்கல் தெரிந்தது. பாவாயி அம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க தம்பி, நாளைக்குப் பொழுதோட கனால்ல தண்ணி உடறாங்களே, இந்த வண்டி நீஞ்சுமுங்களா?"

மறுநாள் சாயங்காலம் வாய்க்காலில் இரண்டாம் போகத்துக்குத் தண்ணீர். திறந்தால் வயல் சேறாகிவிடும். பிறகு நாற்று, நடவு, அறுப்பு. நாலு மாதத்துக்கு விமானம் நெற்பயிர் நடுவில் நிற்க வேண்டியதுதான். துணி இறக்கை அதற்குள் உளுத்துப் போகும். கிளப்பில் இருந்ததே இரண்டு விமானம். தண்ணீரை ஒரு நாள் தள்ளிப்போடக் கேட்கலாமா என்றேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு கவுண்டர்களும் ஒரே பதிலைச் சொன்னார்கள். கனாலுக்குக் கீழே ஊரே நாற்றங்காலோடு காத்திருக்கிறது, கேட்டால் எங்களை உதைப்பார்கள் என்று.

காலால் அளந்து பார்த்தேன். ஒரு வயலின் நீளம் இறங்குவதற்குச் சரி. கிளம்புவதற்குப் போதாது. இரண்டையும் சேர்த்தால் போதும். நடுவில் வரப்பு இருக்கக் கூடாது.

மூத்தவரிடம் கேட்டேன். "வெட்டறது பெரிசில்லீங்க. நான் மம்பட்டியத் தொட்டா, மறுக்கா வரப்பத் தள்ளறான்னு அவன் ஊரெல்லாம் சொல்லுவான். அவனே மொதல்ல வெட்டட்டும்."

இளையவரிடம் கேட்டேன். "நான் வெட்டுனா, தப்ப ஒத்துக்கிட்டான்னு ஆயிப்போயிருமுங்க. அவுரு வெட்டட்டும்."

ஞானதாஸ் தன் பங்குக்கு முயன்றார். வேதாகமத்திலிருந்து இரண்டு சகோதரர்கள் கதை ஒன்றை இளையவருக்குச் சொல்ல ஆரம்பித்தார். பாதியில்தான் அது அண்ணன் தம்பியைக் கொன்ற கதை என்பது அவருக்கு உறைத்தது. நிறுத்திவிட்டார். இளையவர் விடவில்லை. "அப்பறம் அந்த அண்ணன் என்ன பண்ணுனான், சொல்லுங்க" என்று வற்புறுத்தினார். ஞானதாஸ் அவசரமாகப் பேச்சை ஏலக்காய்க்கு மாற்றினார்.

அன்றைக்கு நான் அண்ணன் வீட்டிலும் ஞானதாஸ் தம்பி வீட்டிலும் படுத்தோம். எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. இறங்கும்போது இல்லாத பயம் இப்போது வந்தது. எஞ்சின் நின்றபோது செய்வதற்கு வேலை இருந்தது. இங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை.

4. சீஃப் வந்தார்

மறுநாள் காலையில் எங்கள் சீஃப் இன்ஸ்ட்ரக்டர் ஜீப்பில் வந்தார். பின்னால் ஒரு லாரி. சீஃப் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். உருவமும் பெரிது, குரலும் பெரிது. கூட எங்கள் மெக்கானிக் மாணிக்கம். முழு விமானத்தைப் பார்த்ததும் சீஃப் ஜீப்பிலேயே எழுந்து நின்றார்.

"என்னய்யா இது, முழுசா இருக்கு?"

"முழுசாத்தான் சார் இறங்கினேன்."

"ரெண்டாக் கிடக்குன்னு போன்ல சொன்னாங்களே! ரெண்டு துண்டையும் ஏத்த லாரி புடிச்சிட்டு வந்திருக்கேன்!"

விமானம் உடையாமல் இருந்ததற்காக ஒருவர் இவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்த லாரியும் வயல் வரைக்கும் வர வழியில்லாமல் ரோட்டிலேயே நின்றுவிட்டது.

மாணிக்கம் அதற்குள் சக்கரத்தில் ஏறி நின்று காற்றுக் குழாயின் வளைவுக்குள் கம்பியை விட்டுக் குடைந்தான். காய்ந்த மண் உதிர்ந்தது. குளவி கூடு கட்டியிருந்தது. வெளியே பார்த்தால் தெரியாத இடத்தில், குழாய் திரும்பும் மூலையில், கச்சிதமாகப் பூசியிருந்தது. "நல்ல வேலைக்காரி சார்" என்றான் மாணிக்கம். அந்த வாரமே எல்லாக் குழாய்களுக்கும் துணி உறை தைத்தோம்.

நான் தண்ணீர் விஷயத்தையும் வரப்பு விஷயத்தையும் சொன்னேன். சீஃப் நேராக மூத்தவரிடம் போனார். கையில் இருந்த குச்சியை வரப்பை நோக்கி நீட்டினார்.

"யோவ், ஒரு சாண் மண்ணுக்கா இவ்வளவு ரகளை? வெட்டுய்யா! சர்க்கார் அனுமதி வாங்கிப் பறக்கிற வண்டி. உன் வரப்பு என்ன பெரிய சீனப் பெருஞ்சுவரா?"

மூத்தவருக்கு முகம் சுருங்கிப்போனது. சத்தம் வரப்புக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது.

"யாரைப் பாத்து யாருங்க 'யோவ்'ங்கறது?" இளையவர் வரப்பைத் தாண்டி அண்ணன் வயலில் கால் வைத்து வந்து நின்றார். "எங்கண்ணன் இந்த ஊருல பத்துப் பேருக்குச் சோறு போடற மனுசன். அவரப் போயி 'வெட்டுய்யா'ங்கறீங்க? விமானம் ஓட்டுனா வாயிக்கு லைசென்ஸ் குடுத்திருக்குதுங்களா?"

மாட்டுத் தொழுவத்துப் பக்கம் பாவாயி அம்மாளும் தங்கையும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். மூத்தவர் தம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

"டேய், நீ சும்மா இரு. வந்தவிய கிட்ட இப்படியா பேசறது?"

"பின்னெ அவரு பேசறது மட்டும் நல்லாருக்குதா?"

"நான் கேட்டுக்கறன். எனக்கு வாயில்லையா?" என்று சொல்லிவிட்டு மூத்தவர் சீஃப் பக்கம் திரும்பினார். கேட்கவும் செய்தார். தம்பி சொன்னதைவிட இரண்டு மடங்கு கேட்டார். தம்பி இடையிடையே எடுத்துக் கொடுத்தார். போர் பார்த்த எங்கள் சீஃப் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "மன்னிச்சுக்கணும். நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"செரி, செரி. மொதல்ல சாப்புடுங்க" என்றார் மூத்தவர். பிறகு தம்பியைப் பார்க்காமல், ஆனால் தம்பியிடம்தான், சொன்னார்: "அந்த மம்பட்டிய எடுத்துட்டு வா."

விமானத்தைத் தூக்கி நகர்த்திவிட்டு, அண்ணன் வடகோடியில் ஆரம்பித்தார், தம்பி தென்கோடியில். சக்கரம் போக இருபதடி இடைவெளி போதும் என்று நான் சொல்லியிருந்தேன். யார் முதலில் நிறுத்துவது என்று வந்தபோது இரண்டு பேரும் நிறுத்தவில்லை. நான் கத்தியும் கேட்கவில்லை. வரப்பு முழுவதும் போனது. நடுவில் சந்தித்தபோது இரண்டு மம்பட்டியும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. ஞானதாஸ் மெல்ல "ஸ்தோத்திரம்" என்றார்.

5. கிளம்பிய விதம்

ஓட்டுவது தான்தான் என்று சீஃப் சொன்னார். அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து மறுத்தார்கள். "கொண்டாந்தவருதானுங்க கொண்டுட்டுப் போகோணும்." எடைக் கணக்குப் பார்த்தாலும் அதுதான் சரி. சீஃபின் எடையில் பாதிதான் நான். பெட்ரோலையும் வீடு போய்ச் சேரும் அளவுக்கு வைத்துக்கொண்டு மீதியை இறக்கிவிட்டோம். ஞானதாசை லாரியில் வரச் சொன்னேன். அவருக்கு வருத்தம்போலவும் இருந்தது, உயிர் வந்ததுபோலவும் இருந்தது.

வண்டியை அண்ணன் வயலின் கிழக்குக் கோடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். எதிரே, தம்பி வயலின் மேற்கு எல்லையில் வரிசையாகப் பனைகள். அதில் இரண்டுக்கு நடுவே ஓர் இடைவெளி. அதுதான் வழி. பத்துப் பேர் வாலைப் பிடித்துக்கொண்டார்கள். எஞ்சினுக்கு முழு த்ராட்டில் கொடுத்துக் கையைக் காட்டியதும் விட்டார்கள்.

தாள் சக்கரத்தை இழுத்தது. வால் தூக்கிய இடத்தில் ஸ்பீடு முப்பதுகூட வரவில்லை. வரப்பு இருந்த இடத்தில் புது மண்ணில் சக்கரம் ஒரு குலுங்கு குலுங்கி, ஸ்பீடு காட்டும் முள் பின்னால் போனது. பிறகு நாற்பது. நாற்பத்தைந்து. பனைகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. ஸ்டிக்கை இழுக்கச் சொல்லிக் கை கெஞ்சியது, நான் கொடுக்கவில்லை. ஐம்பதில் மெல்ல இழுத்தேன். சக்கரம் தரையை விட்டது. இரண்டு பனைக்கும் நடுவே போனபோது நுங்குக் குலைகள் என் கண்ணுக்கு நேராக இருந்தன.

ஒரு சுற்று சுற்றி மேலிருந்து பார்த்தேன். வேடிக்கை பார்த்த கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. அண்ணனும் தம்பியும் மட்டும் வெட்டிய மண்ணின் நடுவில் எதிரெதிரே நின்று கையை வீசி வீசிப் பேசிக்கொண்டிருந்தார்கள். புது வரப்பு எங்கே வருவது என்ற சண்டையாகத்தான் இருக்கும். ஆனால் நேருக்கு நேர், நடுவில் ஆள் வைக்காமல்.

அதற்குப் பிறகு பல வருடம் நிறையப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தேன். மூக்கைத் தாழ்த்து, ஸ்பீடை விடாதே, ஒரு வயலைப் பிடித்தால் அதிலேயே இரு. எஞ்சின் நின்றவனுக்கு இந்த மூன்றும் போதும், மீதியெல்லாம் நேரமிருந்தால் செய்வது. வகுப்பு முடியும்போது யாராவது ஒருவர் கட்டாயம் எழுந்து, "சார், வயல் எவ்வளவு நீளம் இருந்தா போதும்?" என்று கேட்பார்.

இறங்க இருநூறு கெஜம் போதும் என்பேன். கிளம்புவதற்கு, பக்கத்து வயல்காரரும் வேண்டும்.